அனுடத்தின் அருகே ஒரு விண்மீன்

வெருகலாற்றங்கரையில் ஆனி மாதத்து முன்னிரவில் தென்திசை நோக்குவார்க்கு, விருச்சிகம் கொடுக்கு வரை முழு உருவோடு காட்சிதரும். கேட்டையையும் அனுடத்தையும் பஞ்சாங்கம் பார்ப்போர் பெயரளவிலேனும் அறிவர். அவ்வனுடத்துக்குச் சற்று வடகிழக்கே, சிறு தொலைகாட்டிக்கும் புலப்படாது கிடக்கும் 'யூ ஸ்கோர்ப்பை' என்னும் விண்மீனை அறிந்தார் மிகச் சிலரே.

சென்னை வானாய்வு நிலையத்தில் நோர்மன் பொக்சன் என்பார் 1863ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இதனை முதன்முதற் கண்டார். சில வாரங்களுள் அது மங்கி மறைந்தது. எஞ்சியவை அவர் குறித்துவைத்த அளவீடுகளே. முக்கால் நூற்றாண்டின் பின், 1940இல், ஹார்வார்ட் நிலையத்துப் பழைய ஒளிப்படத் தட்டுக்களை ஆராய்ந்தபோதுதான் 1906இலும் 1936இலும் அதே மீன் மீண்டும் ஒளிர்ந்தமை வெளிப்பட்டது.

உண்மையில் இஃது ஒரு மீனன்று, இரண்டு. பூமியளவே பருத்த, ஆயினும் சூரியனிலும் மிக்க திணிவுடைய வெண்குள்ளன் ஒன்று, தன் துணைமீனின் வாயுவை ஓயாது கவர்ந்துகொள்கிறது. கவர்ந்த ஐதரசன் மேற்பரப்பிற் படிந்து, ஒருநாள் தீப்பற்றி வெடிக்கிறது. பதினெட்டாம் ஒளித்தரத்துக் கிடந்த மீன் சில மணி நேரத்தில் ஏழரைக்கு உயரும். அஃதாவது பதினாயிரம் மடங்குக்கு மேல். மூன்றே நாளில் அவ்வொளியிற் பெரும்பகுதி போய்விடும். (ஒளித்தரத்துக்கு இன்றுள்ள கணக்கை 1856இல் வகுத்தவரும் அப்பொக்சனே.)

துணைமீன் ஏறத்தாழ முப்பது மணிக்கொருமுறை குள்ளனை மறைக்கும். இக்கிரகண நேரங்களை வெடிப்புக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டால், வீசியெறியப்பட்ட பொருளின் அளவைக் கணிக்கலாம். உண்பது மிகுமா, உமிழ்வது மிகுமா என்பதே வினா. உண்பது மிகுமாயின், சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சந்திரசேகர் 1930இற் கப்பற் பயணத்திடையே கணிக்கத் தொடங்கிய அவ்வெல்லையை, சூரியனைப்போல் 1.4 மடங்குத் திணிவை, அக்குள்ளன் அணுகிக்கொண்டிருக்கிறது எனல் வேண்டும்.

முப்பது மணிக் கணக்கினால், கிரகணம் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டு இரவில் நிகழும். ஓரிடத்தாரே அனைத்தையும் காணுதல் இயலாது. 2010ஆம் ஆண்டு வெடிப்பைப் புளோரிடாவிலும், 2022ஆம் ஆண்டு வெடிப்பை யப்பானிலும் முதலிற் கண்டவர்கள் ஊதியம் பெறும் வானியலாளரல்லர். ஆர்வத்தால் வானை நோக்கியவர்கள். அவ்விரு நாடுகளிலும் தாழ்ந்தே தோன்றும் இம்மீன், வெருகலில் அறுபது பாகைக்கு மேல் ஏறிநிற்கும். உச்ச ஒளியிற் காண இருகண் தொலைகாட்டி போதும். கருவி இன்மையினும், நாள்தோறும் நோக்கும் வழக்கம் இன்மையே இங்கு பெருங்குறை.

1945க்கும் 1969க்கும் இடையே ஒரு வெடிப்பேனும் எவர் கண்ணிலும் படாது போயிருத்தல் வேண்டும் என ஆய்வாளர் கருதுவர். கார்த்திகை, மார்கழியிற் சூரியன் அப்பக்கம் நிற்க, மீன் பகலொளியுள் மூழ்கிவிடும். அடுத்த வெடிப்பு 2032ஐ ஒட்டி நிகழலாம். அஃது அவ்விரு மாதங்களில் நிகழாதிருத்தல் வேண்டும்.