பேயைப் பார்த்துச் சிரிப்போமா?



பேய்ப் படம் என்றதும் போர்வைக்குள் புகுந்துகொள்பவர்கள் நம்மில் பலர். ஆனால் பேயை வைத்தே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த மலாய்ப் படம் ஒன்று உண்டு. 2010இல் வெளிவந்த ‘ஹந்து காக் லிமா பாலிக் ரூமா’தான் அது. இயக்கியவர் மாமாட் காலிட். ஈப்போவில் பிறந்தவர், கேலிச்சித்திரக்காரர் லாட்டின் தம்பி. 2021இல் காலமானார்.

பணத்தைக் கொட்டி எடுத்த படமல்ல. ஒரு கம்பம், சில பலகை வீடுகள், இருட்டு, கொஞ்சம் முகப்பூச்சு. ஊர் திரும்பும் ஹுசின், பக்கத்து வீட்டுக் காக் லிமாவின் போக்கு சரியில்லையே என்று திகைக்கிறான். அவள் பேயாகிவிட்டாள் என்கிறது ஊர். அப்புறம் என்ன? ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்! நமக்குச் சிரிப்பு வருவது பேயைப் பார்த்தல்ல, ஓடுகிறவர்களைப் பார்த்து. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராக இருந்தவர்கள்தானே!

1957இல் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானாக்’ படம் மக்களை நடுங்க வைத்தது. அதை இயக்கிய பி. என். ராவ் கேரளத்தில் பிறந்தவர். அந்தப் பயத்தையே மாமாட் காலிட் பின்னாளில் கேலியாக்கினார். 2007இல் ‘சொம்பி கம்போங் பீசாங்’ படத்தில், ஆங்கிலப் படங்களில் வரும் நடைபிணங்களைக் கம்பத்துக்குள் நடமாடவிட்டார். 2018இல் வந்த ‘ஹந்து காக் லிமா’ 30 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது.

ஓர் ஆசிரியையாக இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அடிக்கடி தலைவலி என்பாள். விசாரித்தேன். பொழுது சாய்ந்தால் அவள் தண்ணீரே குடிப்பதில்லையாம். குடித்தால் இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமே! லயத்துக்குப் பின்னாலுள்ள வாழைமரத்தில் பொந்தியானாக் இருப்பதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.

அவளுடைய அப்பாவை அழைத்துப் பேசினேன். செம்பனைக் குலை வெட்டுபவர், நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காக் லிமா படத்தைப் போட்டுக் காட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருட்டியதும் டார்ச்சுவிளக்கை அவள் கையில் கொடுத்து வாழைமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே தொங்கியது ஒரு பழைய உரச்சாக்கு! இப்போது அவள் தண்ணீர் குடிக்கிறாள், தலைவலியும் குறைந்திருக்கிறது.

முனியாண்டிக்குப் பூசை போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது நம் வழிபாடு, பயத்தைப் போக்குவது. பிள்ளை சொன்னபடி கேட்க வேண்டுமென்று பேயைக் காட்டி மிரட்டுவது வேறு. அந்தப் பயம் பிள்ளையோடு நிற்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ‘காத்துக் கருப்பு பட்டுவிட்டது’ என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருக்கும் பெற்றோரும் ஒரு காலத்தில் மிரட்டப்பட்ட பிள்ளைகள்தாம். டிங்கிக் காய்ச்சல் மந்திரித்த கயிற்றுக்குக் கட்டுப்படுமா? முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

சின்னக் குழந்தைகளை இதுபோன்ற படத்தின் முன் தனியே விட்டுவிடாதீர்கள். நீங்களும் கூட உட்காருங்கள். பிறகு ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு, பிள்ளை பயப்படும் இடத்துக்கே கைபிடித்துக் கூட்டிப்போங்கள். கூடச் சிரிக்க ஓர் ஆள் இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.