அவசரத்தின் நகல்

1969-ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் காரில் துரு எங்கே பிடிக்கும் என்று கேட்டால், டெட்ராய்ட் வட்டாரத்து டிங்கரிங் ஆட்கள் யோசிக்காமல் பின் கண்ணாடியின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டுவார்கள். கூரை இரு பக்கமும் சரிந்து இறங்க, நடுவில் கண்ணாடி மட்டும் உள்வாங்கிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் தேங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. போதாததற்கு, மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது அடியிலிருந்து அரிக்கும். இப்படி மேலும் கீழும் தின்னப்பட்ட ஒரு சார்ஜரைத்தான் நான் போன பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

எஞ்சின், கதவு, கண்ணாடி எதுவும் இல்லை. வெறும் கூட்டை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் மாட்டி, கம்பியில் கோத்த கோழியைப் போல எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரட்டினார்கள்.

தகட்டில் கை வைப்பதற்கு முன்பே காரின் ஜாதகம் பார்த்தாகிவிட்டது. டேஷ்போர்டின் மேல் உள்ள எண் ‘எக்ஸ்எஸ்29எல்9பி’ என்று தொடங்குகிறது. சார்ஜர் ஆர்/டி, 440 கன அங்குல மேக்னம் எஞ்சின், 1969 மாடல், ஹேம்ட்ராம்க் தொழிற்சாலை என்பது அதற்குள்ளேயே அடக்கம். 7.2 லிட்டர் எஞ்சின். கம்பெனி சொன்ன கணக்கு 375 குதிரைத்திறன். காரின் வரிசை எண்ணையே எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பொறித்திருப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் விலை எங்கேயோ போகும். அதனாலேயே பழைய பொறிப்பைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்களும் உண்டு. இந்தக் காரில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அசெம்பிளி லைனில் எந்தெந்தப் பாகம் போட வேண்டும் என்று அச்சடித்த சீட்டு பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் கிடைத்திருந்தது. ஒரு மூலையை எலி தின்றிருந்தாலும் எண் இருந்த பக்கம் தப்பித்துவிட்டது.

பட்டறையில் எனக்கு அதிக நேரம் போனது ஈயம் வைப்பவரிடம். கூரைத் தகடும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டைத் தொழிற்சாலையில் ஈயத்தால்தான் நிரப்பினார்கள். இன்று பெரும்பாலான பட்டறைகளில் பட்டி போட்டு முடித்துவிடுகிறார்கள். இவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு கையில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டி, மறு கையில் காஸ் டார்ச். தீயை ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. தகட்டைத் தடவித் தடவி எடுக்கிறார். கட்டி உருகி ஓடுவதற்குச் சற்று முன்னால் ஒரு பதம் இருக்கிறது: குழையும், வழியாது. செங்குத்தான தகட்டில் அந்தப் பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் மெழுகு தடவிய மரத்துடுப்பால் அமுக்கி வழித்துவிட வேண்டும். சூடு கூடினால் ஈயம் தரைக்குப் போகும், தகடும் நெளியும். ஆறிய பிறகு மெஷின் வைக்காமல் அரத்தால் சீவினார். மெஷினில் பறக்கும் ஈயத்தூள் நெஞ்சுக்குள் போய்விடுமாம். பிறகு மெல்லிய பருத்திக் கையுறை மாட்டி, வேறெங்கோ பார்த்தபடி மூட்டைத் தடவினார். மேடு பள்ளம் கண்ணில் படாது, கையில்தான் படும் என்றார். என்னையும் தடவச் சொன்னார். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் மறுபடி அரத்தை எடுத்தார்.

இவ்வளவு பாடுபட்ட தகட்டில் அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. பெயின்டர் சில இடங்களில் வேண்டுமென்றே மோசமாக அடிக்கிறார். அன்று லைனில் நின்றவர் அவசரத்தில் காரின் பக்கவாட்டை அடிக்கும்போது அடிப்பாகத்திலும் கொஞ்சம் சிதறியிருக்கிறது. அந்தச் சிதறல் எந்த அளவில், எந்தக் கோணத்தில் விழுந்தது என்பதற்கு, யாரும் கை வைக்காத பழைய கார்களின் புகைப்படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். முறுக்கியாயிற்று என்று நட்டின் மேல் வைத்த பெயின்ட் பொட்டு, ஆக்சிலில் இழுத்த கோடு, சாக்குக்கட்டிக் கிறுக்கல் எல்லாவற்றுக்கும் படம் உண்டு. கண்காட்சிப் போட்டியில் நடுவர்கள் டார்ச் அடித்து இதைத்தான் தேடுவார்களாம். கிறுக்கல் திருத்தமாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடும் என்பதால், பெயின்டர் அதை இடது கையால் எழுதுகிறார்.

அந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹேம்ட்ராம்க்கில் ‘டாட்ஜ் மெயின்’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து, 1968 மே மாதம் சங்கத்தைக் கேட்காமலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தண்டனை கறுப்பினத் தொழிலாளர்கள் மேல்தான் அதிகம் விழுந்தது. வேலையிழந்தவர்களில் ஒருவர் ஜெனரல் பேக்கர் என்ற தொழிலாளி. ‘டிரம்’ என்ற டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் அங்கிருந்து கிளம்பியதுதான். பின்சீட்டில் கிடைத்த அந்தச் சீட்டில் பாகங்களின் எண் இருக்கிறது, மாட்டியவர் பெயர் இல்லை. அவர் அவசரத்தில் வைத்த பொட்டுக்குத்தான் சேகரிப்பாளர் இன்று காசு கொடுக்கிறார். ஈயம் வைப்பவரின் அப்பா அங்கே வேலை பார்த்தவர். “பெயின்ட் சிதறினதுக்கு அப்பாவை ஃபோர்மேன் திட்டினான். அதே சிதறலுக்கு இங்கே மணிக்கணக்குல கூலி” என்றார். தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டு, இடிக்கப்பட்டுவிட்டது. அந்த வட்டாரத்தை வளைத்துக் கட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் இப்போது மின்சார வண்டிகள் செய்கிறார்கள்.

வாசலில், வேலை முடிந்த இன்னொரு சார்ஜர் நின்றிருந்தது. அதன் ஹெட்லைட்டுகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வலுவில் மூடி திறக்கும். வலப்பக்க மூடி எழுந்து வெகுநேரம் கழித்து இடப்பக்க மூடி சோம்பலாக எழுந்தது. எங்கோ ஹோஸில் கசிவு. சரிசெய்தபின் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்கள். இந்தக் கார் வேகமாக ஓடப்போவது அநேகமாக இந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். நவம்பரில் சிகாகோ அருகே ரோஸ்மாண்ட் கண்காட்சிக்கு டிரெய்லரில் போகும், டிரெய்லரிலேயே திரும்பும். உட்வர்ட் அவென்யூ பக்கம் போய்வந்த பெயின்டர் சிரித்துக்கொண்டே இறங்கினார். மீட்டரில் பதினொரு மைல் கூடியிருந்தது. உரிமையாளருக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று, அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்தார்கள்.