ஒரு துணுக்குக் கல்தூள்

திருச்செங்கோட்டு மலையைப் பார்த்தபடி ஊருக்குள் நுழைந்தால் சாலையோரமெங்கும் ரிக் வண்டிகள். நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டிகள், மழைக்காலத்தில் வேலை குறைந்ததும் ஊர் திரும்பும். பட்டறைகளுக்கு அப்போதுதான் ஓயாத வேலை.

நான் போயிருந்த பட்டறையில் நின்ற வண்டிக்கு ஒரு கோளாறு. துளையிடும் கம்பியைச் சுழற்றும் ஹைட்ராலிக் மோட்டார் வெறுமனே ஓடும்போது நன்றாகச் சுற்றுகிறது. கம்பி நுனியிலுள்ள பிட் பாறையில் இறங்கியதும் திணறி நின்றுவிடுகிறது.

“மோட்டாரே போச்சுன்னு ஓனர் சொல்றாருங்க. எனக்கு அப்படித் தோணலீங்க” என்றார் மெக்கானிக். சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, புறங்கையை மோட்டாரின் அருகில் கொண்டுபோனார். பிறகு அதன்மேல் உட்கார்ந்திருந்த வால்வு பிளாக்கின் அருகில். மோட்டாரைவிட பிளாக் அதிகமாகக் கொதித்தது.

அந்த இரும்புக் கட்டிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரிலீஃப் வால்வுகள். கம்பி பாறையில் சிக்கி அழுத்தம் எல்லை மீறினால் வால்வு திறந்து, ஆயிலைத் திரும்பும் வழிக்குத் தள்ளி மோட்டாரைக் காப்பாற்றும். அது சரியாக மூடாவிட்டால் ஆயில் எந்த வேலையும் செய்யாமல் குறுக்கே ஓடிவிடும். வீணான ஆற்றல் அத்தனையும் சூடாக மாறும்.

பிளாக்கைக் கழற்றும் முன்பே வெளிப்புறத்தை டீசலில் கழுவினார்கள். வால்வு திறக்கும் அழுத்தத்தை மாற்றும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து சாக்பீஸால் எழுதி வைத்தார். உதவிக்கு இருந்த பையன் வேஸ்ட் துணியை எடுத்தபோது, “அது வேண்டாம் கண்ணு, நூல் பிசிறு உள்ள போயிரும்” என்று தடுத்தார். ஒரு தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு; உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையே இருப்பது சில மைக்ரான்தான்.

வால்வின் கூம்பு முனையை லென்ஸில் காட்டினார். மெல்லிய கீறல். அது உட்காரும் இடத்திலிருந்து வழித்த ஆயிலை என் விரலில் தடவினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தேய்த்தபோது நறநறத்தது. கல்தூள். எங்கோ பல நூறு அடி ஆழத்தில் இந்த வண்டி உடைத்த பாறை, வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

ஓ-ரிங் தட்டையாகி, வளைத்ததும் ஒடிந்தது. புதியதை ஆயிலில் நனைத்து, திருப்புளி படாமல் விரலாலேயே பதித்தார். புது வால்வு போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினார். ஹோஸ் மாட்டி ஓடவிட்டபோது பையன் கசிவு பார்க்கக் கையை நீட்டினான். மெக்கானிக் பதறி அட்டைத்துண்டைக் கொடுத்தார். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துவிடும்.

“பிரஷரை இன்னும் கொஞ்சம் ஏத்தினா பலமாச் சுத்துமில்லீங்ண்ணா?”

“சுத்தும். நாளைக்கு ஷாஃப்ட்டும் சீலும் சேர்ந்து போயிரும்.” ஸ்க்ரூவைத் திருகி, கேஜில் முள் கம்பெனி சொன்ன அளவைத் தொட்டதும் லாக் நட்டை இறுக்கினார்.

கிணற்றில் தண்ணீர் பீறிடும்போது நிலத்தைக் கும்பிடுகிறோம். இந்தக் கைகளுக்கும் அந்தக் கும்பிடில் பங்கு உண்டு. நான் கிளம்பும்போது பையன் அடுத்த வண்டியில் கழற்றிவிட்ட ஹோஸ்களின் வாய்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக மூடி போட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.