டேப்பை நம்பலாமா?

டேப் என்றதும் பழைய பாட்டுக் கேசட் என்று நினைத்துவிடாதீர்கள் :-) நான் சொல்வது கம்ப்யூட்டர் பேக்கப் எடுக்கிற டேப். தத்துவம் என்னவோ ஒன்றுதான், பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் காந்தப் பூச்சு. பாட்டுக் கேசட்டில் இரண்டு சுருள் இருக்கும். இதில் ஒன்றுதான். இன்னொன்று டிரைவுக்குள்ளேயே இருக்கிறது.

"டேப் எல்லாம் செத்துப்போச்சு மச்சி, இப்ப கிளவுடுதான்" என்பது எங்கள் வகுப்பின் ஒருமித்த கருத்து. சரி, கணக்கைப் பார்ப்போம். 1952-ல் வந்த ஐபிஎம் 726 டிரைவில் ஒரு பெரிய சுருளுக்கு 2 எம்பி சொச்சம்தான் பிடிக்கும். 2000-ல் ஐபிஎம், எச்பி, சீகேட் மூவரும் சேர்ந்து கொண்டுவந்த எல்டிஓ டேப்பின் முதல் தலைமுறை 100 ஜிபி. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டிபி. 2025-ல் பத்தாவது, 30 டிபி. செத்துப்போன ஒன்று இப்படியா வளரும்?

கிளவுடுக்காரர்களே இதை வைத்திருக்கிறார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியாகிவிட்டது. பல இடங்களில் இருந்த நகல்களிலும் அதே கதி. கூகுள் அந்த மெயில்களை டேப்பிலிருந்துதான் மீட்டது. அலமாரியில் தனியாகக் கிடக்கிற டேப்பை எந்த பக்கும் தொட முடியாது. வைரஸும் அப்படித்தான்.

அடுத்து வேகம். ஒன்பதாம் தலைமுறை டிரைவ் வினாடிக்கு 400 எம்பி எழுதும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கால் அந்த வேகத்துக்குத் தகவல் கொடுக்க முடியாது. அங்கேதான் வம்பு. டேப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தகவல் வந்து சேராவிட்டால் டிரைவ் நின்று, நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் ஓட்டி, விட்ட இடத்தைப் பிடிக்கும். ஷூவுக்குப் பாலீஷ் போடும்போது துணியை இப்படியும் அப்படியும் இழுப்பது போல இருப்பதால் இதற்கு ஷூ ஷைனிங் என்றே பெயர். நேரமும் வீண், நாடாவும் தேயும். "டேப் ரொம்ப ஸ்லோ" என்று திட்டுகிறவர்கள் பல நேரம் திட்ட வேண்டியது டேப்புக்குத் தகவல் தருகிற டிஸ்க்கை. ஆனால் நடுவில் இருக்கிற ஒரே ஒரு ஃபைலைத் தேடினால் ஒரு நிமிடம் கூட ஆகலாம், அது உண்மைதான்.

இப்போது நம்பகம். இதை நான் புத்தகத்தில் படித்ததை விட சித்தப்பாவிடம் கற்றதுதான் அதிகம். பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் டேப்பை வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் வைப்பது அவர் பழக்கம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த சர்வரும் போச்சு, டேப் டிரைவும் போச்சு.

யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் அதில்தான். அது இல்லாமல் வசூல் இல்லை. வசூல் இல்லாமல் முப்பது பேருக்குச் சம்பளம் இல்லை.

பரணில் டேப் இருக்கிறதே என்றால், படிக்க டிரைவ் வேண்டாமா? அது 2007-ல் வந்த நான்காம் தலைமுறை டேப். ஆறாம் தலைமுறை டிரைவ் வரைதான் அதைப் படிக்கும், ஏழாவதில் போட்டால் படிக்காது. ரிச்சி தெருவில் மூன்று நாள் அலைந்து ஒரு பழைய ஐந்தாம் தலைமுறை டிரைவ் வாங்கினோம். டிசம்பர் 1-ம் தேதி டேப் பாதியில் நின்றுவிட்டது. அது மழையில் நனைந்த பையிலேயே கிடந்திருக்கிறது. நவம்பர் 24-ம் தேதி டேப், பரணில் டப்பாவுக்குள் இருந்தது, முழுசாக வந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஒரு வாரந்தானேடா, பில் புக்கைப் பார்த்து ஏத்திக்கலாம்" என்றார். ஏற்றினார்கள். சம்பளம் பத்து நாள் தள்ளித்தான் வந்தது, ஆனால் வந்தது.

டேப் 30 வருஷம் தாங்கும் என்பார்கள். அதற்கு நிபந்தனை உண்டு: 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம். நம்ம சென்னை மழைக்காலத்தில் பரணில் அது நடக்குமா? எழுதும்போதே பின்னால் இன்னொரு ஹெட் படித்துச் சரிபார்க்கிறது, தப்பிருந்தால் மறுபடி எழுதுகிறது. ஆனால் அந்தச் சோதனை அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். அப்புறம் நடப்பதற்கு நாம்தான் பொறுப்பு. அந்தக் கம்பெனியில் டிரைவைப் பராமரித்தவர்கள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட ஒரு டேப்பை எடுத்துப் படித்துக் காட்டியதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆக, டேப்பை நம்பலாமா? நம்பலாம், ஒற்றை டேப்பை நம்பக் கூடாது. இரண்டு நகல், ஒன்று வேறு ஊரில், காய்ந்த இடத்தில். படிக்கிற டிரைவும் இன்னொன்று கைவசம். மாதம் ஒரு முறை ஒரு ஃபைலையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப், பணம் இருக்கிறதா என்றே பார்க்காத உண்டியல் மாதிரி.

2024 நவம்பரில் எங்கள் பட்டாபிராமிலேயே 21 மாடி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். அங்கே வேலைக்குப் போகப்போகிற என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் "பேக்கப் எடுக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்" என்று கேளுங்கள்.