கோயில் வேன்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

 

மூனு வாரமா வெள்ளிக்கிழமை வேன் வரல. "பட்டறையில போட்டா ஒரு வாரத்துல ஆகிடாதா?"ன்னு சிலர் கேட்டீங்க. "அந்தப் பழைய வண்டிக்கு இன்னும் எவ்வளவுதான் செலவு பண்ணுவீங்க?"ன்னு வேற சிலர் கேட்டீங்க. ரெண்டுமே நியாயமான கேள்வி. உங்க காணிக்கைப் பணத்துல ஓடுற வண்டி அது. அதனால என்ன முடிவு, ஏன் அந்த முடிவுன்னு தொண்டர்கள் நாங்க விவரமா எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

இந்த வேன் 2003-ல் ஓர் அன்பர் குடும்பம் உபயமா கொடுத்தது. அப்போதான் தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்க லயத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் பிரிஞ்சு போய்க்கிட்டு இருந்தாங்க. ஆளுங்க போயிட்டாங்க, அம்மன் மட்டும் பழைய இடத்துலயே இருந்தாங்க. பஸ் கிடையாது. வேன் இல்லன்னா பாட்டிமார்களுக்குக் கோயிலும் இல்ல. ஒரு நடைக்கு எட்டு பேர், வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நடை. தைப்பூசத்துக்குப் பினாங்கு பாலம் தாண்டி தண்ணீர்ப் பந்தலுக்கு அண்டாவும் ஐஸும் கொண்டு போறதும் இதே வண்டிதான்.

போன மாசம் சூடேறி நின்னுச்சு. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தா தே தாரிக் நிறம். தண்ணி எண்ணெயோட கலந்துட்டா அப்படித்தான் இருக்கும். ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம்.

பட்டறைத் தவுக்கே ஒரு பட்டியல் கொடுத்தார். ஹெட்டைக் கழட்டிச் சமப்படுத்தி, கேஸ்கெட் மாத்த 1,800 வெள்ளி. ரேடியேட்டர் 450. கிளட்ச் 650. பிரேக் வேலை 500. நாலு டயர் 1,000. மொத்தம் 4,400 வெள்ளி.

நல்லா ஓடுற நிலையில வித்தாலே இந்த வேன் 5,000 தேறாது. "வண்டி விலைக்குப் பக்கத்துல பழுது விலை வந்துட்டா தூக்கிப் போடணும்"னு நிறைய பேர் சொல்வாங்க. நாங்க அந்தக் கணக்கை ஏத்துக்கல. நாம வண்டியை விக்கப் போறதில்ல, ஓட்டப் போறோம். அதனால பழுதுச் செலவை வண்டியோட விலையோட ஒப்பிடாம, அதே வேலையைச் செய்யுற இன்னொரு வண்டிக்கு ஆகுற செலவோட ஒப்பிட்டோம். 4,400 போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு வச்சுக்குவோம், வருஷத்துக்கு 2,200. நல்ல பழைய வேன் ஒன்னு 28,000-க்கு வாங்கி எட்டு வருஷம் ஓட்டினா வருஷத்துக்கு 3,500. கணக்கு சொன்னது: பழுது பாரு.

வண்டியே வேணாம், வாடகைக் காருல கூட்டிட்டு வரலாமேன்னும் யோசிச்சோம். வெள்ளிக்கு நாலு காரு, போக வர 80 வெள்ளி. வருஷத்துக்கு 4,160. பந்தல் சாமானுக்கு லாரி வாடகை தனி. பணத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அடுக்குமாடியில லிஃப்ட் கெட்டுப் போன அன்னைக்கு மூனாவது மாடிக்கு ஏறிப் போய் பாட்டியைக் கைப்பிடிச்சு இறக்கிட்டு வர்றது நம்ம வேன் ஓட்டுற தம்பிதான். அது எந்த வாடகையிலயும் சேராது.

அதனால பழுது பார்த்துடலாம்னுதான் கிட்டத்தட்ட முடிவு பண்ணோம். வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தவுக்கே வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில ஸ்குரூ டிரைவரால குத்திக் காட்டினார். பின் சீட்டு போல்ட் பிடிச்சிருக்கிற இடத்துல தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. பின் ஸ்பிரிங் மாட்டுற இடத்துல சட்டமே துருவேறி இதழ் இதழா பிரிஞ்சிருந்துச்சு. "எஞ்சின் போலே," என்றார். சட்டத்தைக் காட்டி, "இது தா போலே. நான் வெல்டிங் அடிச்சுக் கொடுத்தா நீங்க ஆளை ஏத்துவீங்க. நான் அடிக்க மாட்டேன்." காசு வர்ற வேலையை வேணாம்னு சொன்ன மனுஷன் பேச்சுக்கு நாங்க மரியாதை கொடுத்தோம்.

அந்தத் துரு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் யோசிச்சுப் பார்த்தோம். இருபது வருஷத்துக்கும் மேலா அந்தத் தரையில சிந்தினது மோரும் பானகமும், அபிஷேகப் பாலும் இளநீரும், மூட்டை மூட்டையா உருகின ஐஸும். சும்மா நின்னு கெட்டுப் போன வண்டி இல்ல அது. சேவை செஞ்சே தேஞ்ச வண்டி.

அடுத்த கூட்டத்துல பேச்சு சூடாத்தான் இருந்துச்சு. பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "பினாங்குல நகரத்தார் வெள்ளி இரதம் 1894-லேர்ந்து ஓடுது. அதை யாராவது பழசுன்னு தள்ளிட்டாங்களா?" நல்ல கேள்வி. ஆனா இரதம் புறப்படுறது விசேஷத்துக்கு மட்டும்தான். மாடு இழுக்க, மனுஷன் நடக்கிற வேகத்துல போகும். முன்னாலயும் பின்னாலயும் ஆயிரம் கண்ணு பார்த்துக்கிட்டே இருக்கும். நம்ம வேன் எட்டு பாட்டிமாரோட மழையில நெடுஞ்சாலையில போகுது. ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

அப்புறம் இன்னொருத்தர் சொன்னதுதான் எங்க எல்லாருக்கும் தெளிவு கொடுத்துச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் பண்றோம். பாலாலயம் பண்ணி, திருப்பணி முடிச்சு, அஷ்டபந்தனம் சாத்துறோம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய், இந்த எட்டையும் இடிச்சுச் சேர்த்த மருந்து. அம்மனையும் பீடத்தையும் பிடிச்சு வைக்கிறது அதுதான். அது காய்ஞ்சு விட்டுப் போச்சுன்னா மருந்தைத்தான் மாத்துறோம், அம்மனை மாத்துறதில்ல. ஆனா பீடமே பிளந்து போச்சுன்னா? புது மருந்தை எவ்வளவு சாத்தினாலும் நிக்காது. பீடத்தையே மாத்தணும்னு ஸ்தபதி சொல்வார். அதை யாரும் அம்மனுக்குச் செய்த அவமரியாதையா நினைக்கிறதில்ல.

கேஸ்கெட், கிளட்ச், டயர் எல்லாம் அந்த மருந்து மாதிரி. தேயும், மாத்திக்கலாம். எஞ்சினைக்கூட மாத்தலாம். ஜப்பான்லேர்ந்து வர்ற ஹாஃப் கட் எஞ்சினைப் போட்டு, ஜேபிஜே-ல எஞ்சின் நம்பரை மாத்திப் பதிவு பண்ணிக்கிட்டா முடிஞ்சது. சட்டம் பீடம். அது போனா வண்டி போச்சு. கணக்கு என்ன சொன்னாலும் சரி.

ஆனாலும் ஒரு தயக்கம் இருந்துச்சு. பின் கதவுல உபயதாரர் பேரு எழுதியிருக்கு. அவர் காலமாகிட்டார். அவர் வீட்டுக்காரம்மா இன்னும் வெள்ளிக்கிழமை அதே வேன்லதான் வருவாங்க. நாங்க நாலு பேரு நேர்ல போய்ச் சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "அவர் ஆளுங்க கோயிலுக்கு வரணும்னு கொடுத்தார் தம்பி. யாராவது விழுந்துட்டா அந்தப் பேரு அதுல இருந்து என்னா பிரயோசனம்?" என்றாங்க. கிளம்பும்போது, "அடுத்த வண்டியில முன் சீட்டு எனக்கு"ன்னும் சொல்லிட்டாங்க. அவங்க உபயப் பலகையைக் கழட்டி அன்னதான மண்டபத்துல மாட்டப் போறோம்.

பண விஷயம். திருப்பணி நிதியில கை வைக்கல, வைக்கவும் மாட்டோம். அது கும்பாபிஷேகத்துக்காக நீங்க கொடுத்தது. கடன் வாங்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. 20,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு ஒரே விகித வட்டியில ஏழு வருஷம்னா, வட்டி மட்டும் 5,600. அதோட, கடனை யாராவது ஒருத்தர் தன் பேர்ல எடுக்கணும்னு சொன்னாங்க. நிர்வாகம் ஆண்டுக் கூட்டத்துல மாறும், கடன் அவர் தலையில நிக்கும். வேணாம்னு விட்டுட்டோம்.

வேன் நிதியில இருந்தது 19,500. மீதி 8,500-ஐ நூறு வெள்ளிப் பங்கா 85 பங்கு பிரிச்சோம். ஒரே ஆளு மொத்தமா கொடுக்கிறதை விட, 85 குடும்பத்துக்கும் "இது நம்ம வேன்"ங்கிற உரிமை இருக்கட்டும். இதுவரைக்கும் 61 பங்கு சேர்ந்திருக்கு. இன்னும் 24 பாக்கி.

வாங்கப் போற வண்டியையும் முதல்ல அடியில படுத்துதான் பார்த்தோம். பெயிண்ட் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கலாம். காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். நம்ம தவுக்கேயையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். பேரு மாத்தறதுக்கு முன்னாடி புஸ்பாகோம் பி5 சோதனை இருக்கு. அதுல சட்ட நம்பரும் எஞ்சின் நம்பரும் கிராண்டோட ஒத்துப் போகணும். அது முடிஞ்சாத்தான் முழுப் பணம் கொடுப்போம். வந்ததும் முதல் வேலை, தரை முழுக்க ரப்பர் விரிப்பும் ஐஸ் மூட்டைக்குத் தனித் தொட்டியும். பழைய வேனை ஓட்டுறதுக்கு யாருக்கும் விக்கல. நாம ஏற மாட்டோம்னு சொன்ன வண்டியில இன்னொரு குடும்பம் ஏறக் கூடாது. ஜேபிஜே-ல பதிவை ரத்து பண்ணிட்டு இரும்புக்குப் போகும்.

உங்க வீட்லயும் பழைய கார் இருக்கலாம். எங்களுக்கு உதவின நாலு கேள்வியை உங்களுக்கும் சொல்றோம். கெட்டது தேயுற சாமானா, சட்டமா? இந்தப் பழுதுக்கு அப்புறம் நிச்சயமா எத்தனை மாசம் ஓடும், அதை அடுத்த வண்டியோட வருஷச் செலவோட ஒப்பிட்டீங்களா? மாத்தினா கடன் யார் தலையில? கடைசியா, அந்த வண்டியில யாரு உட்காருவாங்க? முதல் மூனு கேள்விக்கும் காகிதத்துல பதில் வரும். நாலாவதுக்கு வீட்ல பேசித்தான் பதில் வரும். சட்டம் நல்லா இருந்தா வெக்கப்படாம பழுது பார்த்து ஓட்டுங்க. பழைய கார் ஓட்டுறது குறைச்சல் இல்ல.

ஆடி முதல் வெள்ளிக்குள்ள புது வரவைக் கோயில் வாசல்ல நிறுத்தி, எலுமிச்சம்பழம் வச்சுப் பூஜை போட எண்ணம். அதுவரைக்கும் தொண்டர்கள் நாங்க சொந்தக் காருல வர்றோம். வர முடியாம வீட்ல இருக்கிற பெரியவங்க உங்க புளோக்குல யாராவது இருந்தா, கோயில் அலுவலகத்துல பேரு கொடுங்க. பங்கு சேர விரும்புறவங்களும் அங்கேயே கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க. ரசீது இல்லாம யார்கிட்டயும் கொடுக்க வேணாம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் துணை நிக்கட்டும்.