செம்மண்ணும் ஆட்டுப்பட்டியும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி, கோப்பாய், நீர்வேலிப் பகுதிகளின் செம்மண் தோட்டங்களைக் கடந்து, வல்லை வெளியை அடைகிறது. இவ்வாறு தோட்டமும் தரவையும் அண்மையில் அமைந்த நாட்டிலே, இரண்டையும் இணைத்து வைத்தது செம்மறியாட்டுப் பட்டியாகும். பகலெல்லாம் தரவையிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ந்த மந்தையை இரவிலே தோட்டத்தில் அடைப்பார்கள். புல்லின் சாரம் ஆட்டின் வயிற்றிலேறித் தோட்டத்துக்கு வந்து சேரும். வண்டிக்கூலி மிச்சம்!

பட்டி என்றதும் நிலையான கட்டடத்தை நினைத்துவிடலாகாது. தடிகளை நாட்டிப் பனைமட்டை முதலியவற்றால் அடைத்த இலேசான வேலியே அது, கூரை கிடையாது. நரியும் நாயும் உட்புகாவிட்டாற் போதும். ஒன்றையொன்று நெருங்கிக் கிடக்கும் ஆடுகளுக்கு உடற்சூடே போர்வை. சில இரவுகள் கழிந்தபின் வேலியைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்தில் நாட்டுவர். இவ்விதம் தோட்டம் முழுவதும் படிப்படியாக எருவேறும். மாரி காலத்தில் மாத்திரம் இம்முறை உதவாது. ஈரத்திலே நின்றால் குளம்பு அழுகுமாதலால், மேட்டு நிலத்துக் கிடுகுக் கொட்டிலே அப்போது தஞ்சம்.

கொட்டிலில் அள்ளிய எருவைவிடப் பட்டி அடைத்த நிலம் சிறப்பது ஏன்? கால்நடையின் சிறுநீரிலே தழைச்சத்தும் சாம்பற்சத்தும் மிகுதி. கொட்டிலில் அது தரையோடு போய்விடும்; பட்டியிலோ நேரே மண்ணிற் சேரும். உடனே மண்ணைப் புரட்டிவிட்டால், சத்து ஆவியாகிப் போவதும் குறையும்.

ஆட்டெருவாயினும் அளவு மிஞ்சினால் தீங்குதான். நமது நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல், மேலே இட்டதை விரைவிலே கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பையில் வந்த உரத்தை வரம்பின்றிக் கொட்டியது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஓரிடத்திலே குவியாமல் எருவைப் பரப்பிச் செல்லும் பட்டியின் நிதானம் அந்தப் பைக்கு இல்லை.

அந்தப் பையும் ஒருமுறை இல்லாமற் போயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் எருவுக்கு என்ன செய்வது என்று கமக்காரர் திகைத்தனர். தரவைகள் சுருங்க மந்தைகளும் அருகிவிட்ட காலம் அது. மந்தையை நினைத்தவுடன் பெருக்கிவிட முடியுமா? ஒரு செம்மறி சினைப்பட்டு ஒரு குட்டியை ஈனுவதற்கே ஐந்து மாதம் ஆகிறது.