மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்

பெருநாளின் மூன்றாம் நாள் அது. 2025 ஏப்ரல் 2, புதன்கிழமை. ஷவ்வால் நோன்பு வைத்திருந்த நன்னிமா நோன்பு திறந்து, தொழுது முடித்து, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்த நேரத்தில் எங்கள் பதின்மூன்று வயது மகன் பள்ளிவாசலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். வழக்கமாக மக்ரிப் முடிந்து நண்பர்களோடு அங்கேயே நின்று பேசி, இஷாவும் தொழுதுவிட்டு வருபவன். அன்று அவனுக்கு வேறு அவசரம் இருந்தது. நிண்டெண்டோ நிறுவனம் தன் புதிய கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச் 2 பற்றிய விவரங்களை நம் நேரப்படி மாலை ஆறரை மணிக்கு ஒளிபரப்பியது. ஜனவரி 16 அன்று முன்னோட்டம் வெளியானது முதல் இந்த மாலைக்காக அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

குறை காணும் எண்ணத்தோடுதான் நாங்களும் அவன் அருகில் அமர்ந்தோம். ஆனால் கால்மணி நேரத்தில் நாங்களே அவனிடம் விவரம் கேட்கத் தொடங்கிவிட்டோம். கருவி அழகாகவே இருந்தது. 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் திரை 6.2 அங்குலம், இதன் திரை 7.9 அங்குலம். ஆயினும் தடிமன் கூடவில்லை. முன்பு பக்கவாட்டில் செருகப்பட்ட கைப்பிடிகள் இப்போது காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. கழற்றிய கைப்பிடியை மேசைமீது கிடத்தி நகர்த்தினால் கணினியின் மவுஸ் போல வேலை செய்கிறது. சேமிப்பிடம் 32 ஜிபியிலிருந்து 256 ஜிபியாகியிருக்கிறது. மின்கலம் விளையாட்டைப் பொறுத்து இரண்டு மணி முதல் ஆறரை மணி நேரம் வரை தாங்குமாம். “ரெண்டு மணி நேரத்துல தானா அணைஞ்சிடுமா? அப்ப நல்ல சாமான்தான்” என்றார் நன்னிமா.

விலை பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் 449.99 டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 38 ஆயிரம் ரூபாய். மாரியோ கார்ட் வேர்ல்டு என்ற ஒரே பந்தய விளையாட்டுக்கு மட்டும் 80 டாலர். சில விளையாட்டுகளின் அட்டையில் விளையாட்டே இராது. திறவுகோல் மட்டும் இருக்கும். அட்டையைச் செருகிய பின்னும் இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். விற்பனை ஜூன் 5 முதல். இந்தியாவுக்கென விலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவர வேண்டும், அல்லது அப்படிக் கொண்டுவந்து விற்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது கைப்பிடியிலுள்ள ‘சி’ என்ற சிறு பொத்தான். அதை அழுத்தினால் விளையாடிக்கொண்டே பன்னிரண்டு பேர் வரை பேசிக்கொள்ளலாம். கேமராவைப் பொருத்தினால் முகம் பார்த்தும் பேசலாம். பதினாறு வயதுக்கு உட்பட்டோர் இதைப் பயன்படுத்தப் பெற்றோர் தம் கைப்பேசிச் செயலி வழியாக அனுமதி தர வேண்டும். இந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் பிள்ளையின் கையில் நம் கைப்பேசியைக் கொடுத்து, “நீயே போட்டுக்கொள்” என்று சொல்லிவிடும் வீடுகளில் அந்தப் பூட்டுக்குப் பொருளில்லை.

கையடக்க விளையாட்டு எங்கள் தலைமுறைக்கும் புதிதன்று. மயிலத்தில் பங்குனி உத்திரத்துக்கு மலையடிவாரத்தில் கடைகள் விரியும்போது, எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பொம்மைக் கடை முன் நிற்காமல் வராது. தண்ணீர் நிரப்பிய சிறு பெட்டி. பொத்தானை அழுத்தினால் உள்ளே வளையங்கள் எழும்பிக் குச்சியில் விழும். அதுதான் எங்கள் முதல் கருவி. பிறகு 90களில் சவூதியிலிருந்து வந்த பெரியத்தா ஒரு ‘பிரிக் கேம்’ கொண்டுவந்தார். 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம் பாயின் சாயலில் செய்யப்பட்ட மலிவான கருவி அது. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே கருவி. ஒருவர் தோற்றால் அடுத்தவர் கைக்குப் போகும். விளையாடிய நேரத்தைவிடத் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துக் காத்திருந்த நேரமே அதிகம். இன்று நினைவில் நிற்பதும் அந்தக் காத்திருப்புத்தான்.

நிண்டெண்டோவின் முதல் கையடக்கக் கருவி 1980இல் வந்தது. அதை உருவாக்கிய குன்பெய் யோகோய், விரைவு ரயிலில் ஓர் அலுவலர் சலிப்போடு கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகே இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். களைத்த மனிதனின் சிறிய ஓய்வுக்காகப் பிறந்த பொருள். காலத்தின் மீது சத்தியத்தோடு தொடங்கும் அத்தியாயத்தைச் சிறு வயதிலேயே மனனம் செய்யும் நம் பிள்ளைகளிடம் அது வரும்போது, அவர்களுடைய எந்த நேரத்தை எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதே எங்கள் கேள்வி. கூடுமா, கூடாதா என்ற தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து மாமா அழைத்தார். மருமகன் ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தான் போலும். “ஜூன்ல வாங்கிடறேன், லீவுல வரும்போது கொண்டாந்துடறேன்” என்றார். ஆறு பேர் தங்கும் அறையில் இருப்பவர். அந்த விலை அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் என்பது எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வேண்டாம் என்றோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “நான் இங்க வரும்போது அவனுக்கு ஏழு வயசு. அதுக்கப்புறம் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். அவன் கையில இருக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு குடுக்கணும்னு நினைச்சேன்.”

அதற்கு என்ன பதில் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்றிரவு மகனிடம் மாமாவின் சம்பளத்தையும் அறை வாடகையையும் ஊருக்கு அவர் அனுப்பும் தொகையையும் மறைக்காமல் சொன்னோம். அவன் உடனே மனம் மாறிவிடவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பெருநாள் காசு 3,200 ரூபாயை எண்ணி, ஒரு நோட்டில் எழுதி எங்கள் முன் வைத்தான். “மாமா வாங்க வேணாம். நானே சேத்துக்கறேன். பாதி சேந்தா மீதி நீங்க தருவீங்களா?” என்றான். சரி என்றோம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தோம்: எந்தக் கருவி வந்தாலும் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அதைத் தொடக்கூடாது.

அவன் நிமிர்ந்து கேட்டான்: “அத்தா, அந்த நேரத்துல நீங்களும் போன்லதானே இருக்கீங்க?”

நன்னிமா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எங்களிடம் மறுமொழி இல்லை. திண்டிவனத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்த களைப்பு, கடைக்கணக்கு, குடும்பக் குழுவில் வந்த செய்தி என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ரயிலில் கால்குலேட்டரைத் தட்டிய அந்த அலுவலருக்கும் அப்படித்தான் காரணம் இருந்திருக்கும்.

ஆகவே நிபந்தனை எல்லோருக்கும் பொதுவாகியது. வாசலுக்கு அருகிலுள்ள அலமாரியில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம். மக்ரிப் பாங்கு சொன்னதும் கைப்பேசிகள் அதில் போய்விடும். இஷா தொழுத பிறகே எடுக்கலாம். முதல் வாரத்தில் அதை இருமுறை மீறியவர்கள் நாங்கள்தாம், அவன் மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு விலக்கு உண்டு. மாமாவின் அழைப்பை அந்த நேரத்துக்கு மாற்றியிருக்கிறோம். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் கேரம் ஆட, மாமா துபாயிலிருந்து “அந்த வெள்ளையை விடு, சிவப்பை அடி” என்று சொல்லிக்கொடுக்கிறார். நன்னிமா நடுவர்.

ஸ்விட்ச் 2 நல்ல கருவி. அவன் பணம் சேர்த்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், வாங்கித்தான் தருவோம். நோட்டில் இப்போது 3,650 ரூபாய் இருக்கிறது.